கசடு நம்முடையது

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, கயத்தாறு என்று எந்தப் பக்கம் போனாலும் ரோட்டோரத்தில் டிராக்டர் பட்டறை இருக்கும். விதைப்புக் காலத்தில் எஞ்சின் பிடித்துப்போன பழைய வண்டிகளைச் சங்கிலி கட்டி அங்கே இழுத்து வருவார்கள். மேஸ்திரி ஆயில் சேம்பரைக் கழற்றி இறக்கியதும் சுற்றி நிற்கிற நாம் ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம். "கலப்பட ஆயிலக் குடுத்துட்டான்." "டீசல் சரியில்ல." "டிரைவர் போட்டு முறிச்சுட்டான்." "கம்பெனிக்காரன் முன்ன மாதிரி இரும்பு போடுறதில்ல." சேம்பரின் அடியில் விரற்கடை கனத்துக்கு அப்பிக் கிடக்கும் கருங்கசடைப் பார்த்துக்கொண்டே இத்தனையும் பேசுகிறோம். அதைச் சேர்த்து வைத்தது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

கேட்டுவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. சம்சாரி, டிரைவர், மெக்கானிக், ஆயில் கடைக்காரர், படித்தவர், எழுதுகிறவர் என்று கரிசல்காட்டில் டிராக்டரை நம்பிச் சோறு தின்கிற எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. யாரும் விலகி நிற்க முடியாது.

முதலில் கசடு எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடலாம். டீசல் எரிந்ததும் எல்லாம் சைலன்சர் வழியே வெளியே போய்விடுவதில்லை. கொஞ்சம் கரியும் நீராவியும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே சேம்பருக்குள் இறங்கும். எரியாத டீசலும் சேர்ந்து இறங்கும். இவற்றைச் சமாளிக்கத்தான் எஞ்சின் ஆயிலில் மருந்து கலக்கிறார்கள். ஒரு மருந்து அமிலத்தை முறிக்கும். இன்னொன்று கரித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் எண்ணெயிலேயே மிதக்க வைக்கும்.

இந்த மருந்து பிறந்ததே டிராக்டரால்தான். 1931-ல் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனம் டீசல் டிராக்டரை இறக்கியபோது, அன்றைய ஆயிலில் பிஸ்டன் ரிங்குகள் கரி பிடித்துப் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டன. அதற்கு வழி தேடிய கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி, மருந்து கலந்த டெலோ ஆயிலை 1935-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று கடையில் டப்பா மேல் சிஎஃப்-4, சிஐ-4 என்று போட்டிருப்பதெல்லாம் அந்த வழியில் வந்த தர வரிசைகள்தான். அந்த எழுத்துகளைப் படித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? "வழக்கமா குடுக்கிறதக் குடுங்க அண்ணாச்சி" என்பதோடு நம் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது.

ஆயிலைப் பற்றி நாம் வைத்திருக்கும் நம்பிக்கைகளும் தலைகீழானவை. புது ஆயில் ஊற்றிச் சில நாளில் கறுத்துவிட்டால் கடைக்காரரைத் திட்டுகிறோம். டீசல் எஞ்சினில் ஆயில் கறுக்கத்தான் வேண்டும். கரியைக் கீழே படியவிடாமல் தன்னோடு வைத்திருப்பதால்தான் அது கறுக்கிறது. மாற்ற வேண்டிய நாள் தாண்டிப்போன ஆயிலையோ டிப் ஸ்டிக்கிலிருந்து இரு விரலால் தொட்டு, தேய்த்து, "பிசுக்கு இருக்கு, ஓடட்டும்" என்று தீர்ப்புச் சொல்கிறோம். மருந்து தீர்ந்ததை விரல் சொல்லாது. தீர்ந்த பிறகு கரி கட்டி கட்டியாகச் சேரும். தண்ணீர் கலந்தால் கூழாகும். சூடு ஏறினால் எண்ணெயே பிசினாக மாறி உலோகத்தில் ஒட்டும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சேம்பரின் அடியில் நாம் பார்ப்பது.

கரிசல்காட்டு வண்டிக்கு இது மற்ற ஊர் வண்டியைவிடச் சீக்கிரம் நடக்கும். நம் வெள்ளாமையின் போக்கு அப்படி. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசியில், புழுதியில் விதைத்துவிடுவது நம் வழக்கம். அந்தச் சில வாரங்களில் வண்டி இரவு பகலாக ஓடும். ஒன்பது கொத்துக் கலப்பையின் பின்னால் எழும்பும் கரிசல் தூசி டிரைவரையே மறைத்துவிடும். எஞ்சினும் அந்தக் காற்றைத்தான் இழுக்கிறது. பழைய வண்டிகளில் அந்தத் தூசியைப் பிடிக்க இருப்பது ஏர்கிளீனரின் அடியில் உள்ள ஆயில் கிண்ணம் ஒன்றுதான். உள்ளே போகிற காற்று அந்த ஆயிலில் மோதித் தூசியை விட்டுவிட்டுப் போக வேண்டும். புழுதி விதைப்பில் அந்தக் கிண்ணத்தைத் தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றினால் அடியில் சேறு கட்டியிருக்கும். நாம் கழற்றுவதில்லை. கிண்ணம் நிரம்பிய பிறகு தூசி நேராக சிலிண்டருக்குள் போகும். லைனரும் ரிங்கும் தேயும். தேய்ந்த இடைவெளி வழியே இன்னும் அதிகமாகக் கரி கீழே இறங்கும். சேம்பரில் கசடு சேரும் வேகம் ஏர்கிளீனரில் தீர்மானமாகிறது.

விதைப்பு முடிந்ததும் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்துகிறோம். அடுத்த நல்ல வேலை வரும் வரை, அதாவது சித்திரையில் கோடை மழை பெய்து உழவு ஓட்டும் வரை, பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். கரியும் அமிலமும் தண்ணீரும் கலந்த பழைய ஆயில் அத்தனை மாதமும் பேரிங்கை நனைத்துக்கொண்டே இருக்கும். நிறுத்துவதற்கு முன்பு ஆயிலை மாற்ற வேண்டும் என்பது பாடம். "எப்படியும் நிக்கத்தான போகுது, ஓட்டும்போது மாத்திக்கலாம்" என்பது நம் பழக்கம்.

நடுவில் கொஞ்சம் ஓடும் வண்டியும் தண்ணீர் டேங்கரை இழுக்கும். தெருத் தெருவாகப் பத்து நிமிடம் ஓட்டம், அரை மணி நேரம் நிறுத்தம். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுகிறோம். உள்ளே இறங்கிய நீராவி வெளியேற வழியில்லாமல் ஆயிலிலேயே தங்குகிறது. போதாக்குறைக்கு, எஞ்சினைச் சரியான சூட்டில் வைக்கும் தெர்மோஸ்டாட்டை, சூடேறுகிறது என்று சொல்லிக் கழற்றி எறிந்த வண்டிகள் நம்மிடம் ஏராளம். எறியச் சொன்னது மெக்கானிக், தலையாட்டியது நாம். ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் கிணற்று உப்புத்தண்ணீரை ஊற்றுவோம். உப்பு படிந்து குழாய் அடைத்து, உழவில் எஞ்சின் கொதிக்கும். ஆயிலின் சூடு 10 டிகிரி கூடினால் அது கெடும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். ஆக, டேங்கர் இழுக்கும்போது அளவுக்கு மீறிய குளிர்ச்சி, உழவு ஓட்டும்போது அளவுக்கு மீறிய சூடு. இரண்டுமே கசடுக்கு நல்லது.

டீசல் மேல் போடும் பழியும் இனி செல்லாது. ஒரு காலத்தில் டீசலில் இருந்த கந்தகம் அமிலமாகி ஆயிலைக் கெடுத்தது உண்மைதான். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் விற்கிற டீசலில் கந்தகம் 10 பிபிஎம் அளவுக்குள் இருக்க வேண்டும். கந்தகம் குறைந்தும் கசடு குறையவில்லை என்றால் கை நீட்ட வேண்டிய திசை வேறு.

பழைய எஞ்சின்களின் பொறுமையும் நம்மைக் கெடுத்தது. 1840-ல் மதராசில் கோச்சு வண்டி கட்டத் தொடங்கிய சிம்சன் கம்பெனியின் மூன்று சிலிண்டர் எஞ்சினோடு வந்த மாசே பெர்குசன், பிறகு மகிந்திரா, போர்டு, எச்எம்டி எல்லாம் கரிசலில் முப்பது நாற்பது வருடம் உழைத்த வண்டிகள். மெதுவாகச் சுற்றும், கனத்த இரும்பு, தாராளமான இடைவெளி. ஒரு தடவை ஆயில் மாற்றாமல் விட்டாலும் ஓடின. இரண்டு தடவை விட்டாலும் ஓடின. ஓடுகிறது என்பதையே நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம். 250 மணி நேரத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொன்ன கையேட்டை ஆர்.சி. புத்தகத்தோடு பீரோவில் வைத்துப் பூட்டினோம். மணி காட்டும் மீட்டரின் கேபிள் அறுந்தபோது அதை மாற்றக்கூட இல்லை. குறைந்தால் ஊற்றுவது என்பதே நம் சர்வீஸ் ஆனது. பழையதை வடிக்காமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டே வந்தால் ஆயிலின் அளவு சரியாக இருக்கும். கசடும் பத்திரமாக இருக்கும்.

ஆளாளுக்குச் செய்ததைச் சொல்லிவிடலாம்.

சொந்தக்காரர்களான நாம், சவுண்டு பாக்ஸுக்கும் கலர் லைட்டுக்கும் குலசாமி பெயர் எழுதிய ஸ்டிக்கருக்கும் யோசிக்காமல் பணம் கொடுத்தோம். ஆறேழு லிட்டர் ஆயிலும் ஒரு ஃபில்டரும் சேர்ந்து ஏறத்தாழ 3,000 ரூபாய் என்றதும் தவணை ஞாபகம் வந்தது. மெக்கானிக் கேட்டபோது என்ன சொன்னோம் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"அண்ணாச்சி, சேம்பர எறக்கிப் பாத்துருவமா? பிரஷர் நிக்கமாட்டேங்குது."

"ஓடிக்கிட்டுத்தானப்பா இருக்கு. வெதப்பு முடியட்டும்."

விதைப்பு முடியும். களையெடுப்பு வரும், அறுப்பு வரும், கல்யாணம் காது குத்து வரும். சேம்பர் அப்படியே இருக்கும். விற்க முடிவு செய்தால் மட்டும் அதன் நினைப்பு வரும். அப்போதும் திறப்பதில்லை. கெட்டி ஆயிலை ஊற்றி, புகையையும் பிரஷர் முள்ளையும் ஒரு வாரத்துக்குச் சரிக்கட்டி அடுத்த சம்சாரியின் தலையில் கட்டுகிறோம். அவரும் நம் ஊர்ப் பக்கத்துக்காரர்தான்.

டிரைவரின் பேச்சை நாம் கேட்கவே இல்லை. எஞ்சினோடு நாள் முழுக்க இருப்பவர் அவர்தான். டேப்பட் சத்தம் கூடியதும், சூட்டில் ஐடிலிங் போடும்போது ஆயில் முள் இறங்குவதும் அவருக்கு முதலில் தெரியும். சொன்னால் "ஓட்டத் தெரியல" என்று பெயர் வரும் என்பதால் சொல்லாமல் விட்டார். சொன்னவரிடம் "நீ ஓட்டு" என்றோம். மத்திய அரசு பண்ணை இயந்திரப் பயிற்சிக்கென்று 1955-லேயே மத்தியப் பிரதேசத்தின் பூத்னியில் ஒரு நிலையம் தொடங்கியது. தென்னிந்தியாவுக்கென்று ஆந்திராவின் அனந்தபூர் பக்கம் கார்லதின்னேயில் 1983-ல் ஒன்று வந்தது. நம் டிரைவர்களையும் பையன்களையும் அங்கே அனுப்ப வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

பட்டறைக்காரர்களும் தங்கள் கணக்கைச் சொல்ல வேண்டும். சேம்பரை இறக்குவது லேசான வேலை இல்லை. பல பழைய டிராக்டர்களில் அது வார்ப்பிரும்பில் செய்தது, முன்பக்கத்து எடையையும் தாங்குவது. முட்டுக் கொடுக்காமல் போல்ட்டைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பாட்டுக்குக் கூலி கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று குறுக்கு வழியில் போனார்கள். ஆயிலை வடித்துவிட்டு டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி, அரை மணி ஓடவிட்டு, கறுப்பாக வடிவதைக் காட்டி "சுத்தமாயிருச்சு" என்றார்கள். டீசலுக்குப் பேரிங்கைத் தாங்கும் கெட்டித்தன்மை கிடையாது. இரும்பு இரும்போடு உரசும். பெயர்ந்த கசடு கட்டியாகப் போய், ஆயில் பம்புக்கு முன்னால் உள்ள சல்லடையான ஸ்ட்ரெய்னரை அடைக்கும். ஆயில் பம்ப் வெறுமையை இழுக்கும். தூரத்தில் உள்ள ராக்கர் முதலில் காயும், பிறகு பேரிங் எரியும். இப்படிச் சில வண்டிகள் கழுவிய கையோடு பிடித்துப்போனதும், "கசடுதான் எஞ்சினப் பிடிச்சு வச்சிருக்கு, தொடாதீங்க" என்று ஊருக்குள் ஒரு தத்துவமே உண்டானது. தவறான கழுவலின் பழியைச் சுத்தத்தின் மேல் போட்டுவிட்டோம்.

சரியாகச் செய்யும் மேஸ்திரிகளும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கையைப் பார்த்தால் இதில் மாயம் ஒன்றும் இல்லை என்று தெரியும். அப்படிப்பட்ட மேஸ்திரி வண்டியை ஓட்டிச் சூடேற்றி, அடி நட்டைத் திறந்து இரவு முழுக்க வடியவிடுவார். வடிந்ததை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். பால் விட்ட காபி நிறம் என்றால் தண்ணீர் வருகிறது, ஹெட் பேக்கிங்கைப் பார்க்க வேண்டும். செம்பு மினுங்கினால் பேரிங்கின் மேல்பூச்சு போய்விட்டது. பிறகு எஞ்சினுக்கு நன்றாக முட்டுக் கொடுத்துச் சேம்பரை இறக்குவார். கசடை உளியால் கொத்தாமல் மூங்கில் சிம்பாலும் மரச்செதிலாலும் வழித்து எடுப்பார். ஸ்ட்ரெய்னரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பார். துடைக்கப் பனியன் வேஸ்ட்டைத் தொடமாட்டார். அதன் நூல் ஒன்று உள்ளே தங்கினாலும் மறுபடி அடைப்புத்தான்.

மேலே டேப்பட் கவரைத் திறந்து ராக்கர் ஷாஃப்டின் ஓட்டைகளைக் கம்பி விட்டுக் காற்றடித்துத் திறப்பார். ப்ரீதர் குழாயைக் கழற்றிக் கழுவுவார். அது அடைத்திருந்தால் நீராவி வெளியேறாமல் கசடு மறுபடி சேரும் என்பது அவருக்குத் தெரியும். பேஸ்ட்டை அள்ளி அப்பாமல் புதுப் பேக்கிங் போட்டு மூடுவார். பிதுங்கிய பேஸ்ட்டும் ஒரு நாள் ஸ்ட்ரெய்னரில்தான் போய் நிற்கும். புது ஃபில்டர், புது ஆயில். டீசலை நிறுத்தும் ஸ்டாப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிரஷர் முள் ஏறும் வரை எஞ்சினை வெறுமனே சுற்றவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வார். கடைசியாக, "50 மணி நேரம் ஓடுனதும் இந்த ஆயிலயும் ஃபில்டரையும் எடுத்துறணும்" என்று சொல்லுவார். கைக்கு எட்டாத துளைகளில் ஒட்டியிருப்பதைப் புது ஆயிலின் மருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொண்டுவர வேண்டும். கசடு லேசாக இருக்கிற வண்டிக்குச் சேம்பரை இறக்கவே தேவையில்லை. நல்ல ஆயிலை இரண்டு மூன்று தடவை சீக்கிரம் சீக்கிரமாக மாற்றினாலே போதும். அந்த 50 மணி நேர ஆயிலை மாற்றத் திரும்பி வருகிறவர்கள் நம்மில் குறைவு. "புது ஆயில்தான, இப்பவே எதுக்கு" என்று விட்டுவிடுகிறோம்.

வடித்த கழிவு ஆயில் எங்கே போகிறது என்பதும் இந்த வாக்குமூலத்தில் சேர வேண்டும். கரையான் வராமல் இருக்கக் கதவிலும் கம்பத்திலும் பூசுகிறோம். மிச்சத்தை வேலியோரம் ஊற்றுகிறோம். மழை வந்தால் அது ஓடைக்குப் போகும், ஓடையிலிருந்து ஊருணிக்கோ வைப்பாற்றுக்கோ போகும். 2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் கழிவு ஆயிலும் உண்டு. அதைத் திரும்பச் சேகரித்துச் சுத்திகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைக்கும் விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பட்டறையில் கையுறை இல்லாமல் அந்த ஆயிலில் கழுவிக் கழுவிக் கறுத்த பையன்களின் கைகளை நாம் தினமும் பார்க்கிறோம். நெடுநாள் தோலில் பட்டால் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் சரக்கு அது. அவர்களுக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுக்க எந்த விதியும் தேவைப்படவில்லை. இருந்தும் வாங்கிக் கொடுக்கவில்லை.

படித்தவர்களும் எழுதுகிறவர்களும் மட்டும் யோக்கியமா? 1901 முதல் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பருத்தி, சோளம், மிளகாய் என்று அங்கே பிறந்த 'கே' ரகங்களை விதைத்தோம். எந்த வாரத்தில் விதைக்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம். விதைக்கிற இயந்திரத்துக்கும் கரிசலுக்கென்று தனியாக ஒரு கால அட்டவணை வேண்டும் என்று யாரிடமும் போய்க் கேட்கவில்லை. ஊரைச் சுற்றி இன்ஜினியரிங் கல்லூரிகள் வந்தன. நம் பிள்ளைகள் எஞ்சினைப் பற்றிப் பரீட்சை எழுதிவிட்டுச் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். வீட்டு வாசலில் நின்ற வண்டியின் ஃபில்டரைக் கழற்றத் தெரியாமலே போனார்கள், நாமும் அதைப் பெருமையாகச் சொன்னோம்.

எழுத்தில் கரிசலுக்குக் குறைவில்லை. கி. ராஜநாராயணன் தொடங்கி உழவு மாட்டைப் பற்றி எழுதாத கரிசல் எழுத்தாளர் அபூர்வம். கண்மாய் அழிந்த கதையை உருளைக்குடி சோ. தர்மன் 'சூல்' நாவலில் எழுதினார்; 2019-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. நாம் கைதட்டினோம். கண்மாயில் வண்டல் சேர்ந்தபோது குடிமராமத்தை மறந்தோம் என்று மேடையில் வருத்தப்பட்டோம். அதே வண்டல்தான் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் எஞ்சினுக்குள்ளும் ஏறிக்கொண்டிருந்தது. டிராக்டர் வந்து மாட்டை விரட்டியது என்று எழுதினோமே தவிர, வந்த டிராக்டரை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒரு பத்திரிகைப் பக்கம்கூட ஒதுக்கவில்லை. உழவு மாட்டுக்கு லாடம் தேய்ந்தால் வண்டி பூட்டாத தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. அந்தக் கவனம் எங்கும் தொலைந்து போகவில்லை. இரும்புக்கு அது தேவையில்லை என்று நாம்தான் முடிவு செய்தோம்.

இதன் விலையைக் கடைசியில் கொடுப்பது சிறு சம்சாரி. மானாவாரியில் விதைப்புக்குக் கிடைப்பது சில நாட்கள். அந்த நாட்களில் ஊரில் ஒரு வண்டி படுத்துவிட்டால் அதன் சொந்தக்காரருக்குக் கிராங் கட்டிங், லைனர், பிஸ்டன், பேரிங் என்று பெரிய செலவு. அந்த வண்டியை வாடகைக்கு நம்பியிருந்த நாலு ஏக்கர்க்காரருக்கு அந்த வருட வெள்ளாமையே பட்டம் தப்பிப் போகும். சேம்பரைத் திறக்காமல் மிச்சம் பிடித்தது நாம், நட்டம் அடைவது அவர்.

சித்திரை முதல் நாள் நம் ஊர்களில் பொன்னேர் பூட்டுகிறோம். மாடு குறைந்த ஊர்களில் டிராக்டர்களையே வரிசையாகக் கழுவி, சந்தனம் தெளித்து, மாலை போட்டு ஓட்டிப் போகிறோம். வழக்கம் நல்லதுதான், நடக்கட்டும். வரும் பங்குனியில், மாலை வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, ஊருக்கு ஒரு நாள் குறியுங்கள். வண்டி வைத்திருப்பவர்கள், டிரைவர்கள், ஒரு நல்ல மேஸ்திரி எல்லோரும் ஒரே இடத்தில் கூடட்டும். ஒவ்வொரு வண்டியிலும் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கறுத்த களிம்பு ஒட்டியிருந்தால் அந்த வண்டி பட்டறைக்குப் போக வேண்டிய வண்டி. ஏர்கிளீனர் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்கள். மணி மீட்டரைச் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் மட்கார்டில் ஆயில் மாற்றிய தேதியைப் பெயின்ட்டால் எழுதுங்கள். வடித்த ஆயிலை ஒரு பேரலில் சேர்த்து, உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். ஒரு வண்டிக்கு 3,000 ரூபாயும் ஒரு பகலும் ஆகும். இதைக்கூடச் செய்ய முடியாது என்றால், புரட்டாசியில் வண்டி பிடித்துப்போகும்போது டீசலையும் டிரைவரையும் கம்பெனியையும் குறை சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது.